கல்யாணச் சாமானோடு போன படம்

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் ஓவிய வரலாறு நடத்துகிறேன். நூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் புது ஓவியங்களைப் பார்க்கக் கூட்டம் வந்ததே சிரிப்பதற்குத்தான் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். வீட்டுக் கூடங்களில் மாட்டி, பார்த்துப் பார்த்துக் கண் பழகிய பிறகுதான் அவற்றை ஓவியம் என்றே ஒத்துக்கொண்டார்கள் என்பேன். வகுப்பில் சொல்ல நன்றாகத்தான் இருக்கும். புகுந்த வீட்டில் அந்தப் பாடம் செல்லுபடியாகவில்லை.

போன வருஷம் மாமியார் இறந்தபின் ஒரு படம் வரைந்தேன். கறுப்புத் தூண்கள், நடுவில் ஒரு சிவப்பு, அவ்வளவுதான். தூண்கள் சூழ்ந்த உள்முற்றமான வளவில் அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு மேலே அதை மாட்டினேன். பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவான வீடு. மாமனாரின் அண்ணனுடைய பேத்தி கல்யாணத்துக்கு எல்லாரும் வந்து இறங்கியதும் வம்பு கிளம்பியது.

"கல்யாண வீட்டுல கறுப்பா? மாப்பிள்ளை வீட்டுக்காரக வாரதுக்குள்ள எறக்குங்க" என்றார் பெண்ணின் தாத்தாவான பெரிய மாமா.

"அத்தை நினைப்புல வரைஞ்சது மாமா. இருந்துட்டுப் போகட்டும்."

"உங்க அத்தை இதுல எங்க இருக்குத்தா? மூஞ்சியவே காணோமே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "படத்தை எறக்கினா நானும் கெளம்பிருவேன்" என்று சொல்லிவிட்டேன். கணவர் மெதுவாக வாசல் பக்கம் நழுவிவிட்டார். மாமா கையைக் காட்டினார், ஏணி வந்தது. படம் இறங்கும்போதே வாசலில் கார்கள் வந்து நின்றன. இறக்கியவர்கள் கீழே பரப்பியிருந்த வெள்ளிக்கும் எவர்சில்வருக்கும் நடுவே அதைச் சாய்த்துவிட்டு, வந்தவர்களை வரவேற்க ஓடினார்கள்.

பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானையெல்லாம் எங்கள் பக்கம் இப்படித்தான் பரப்பி வைப்போம். பரப்பியதில் ஒன்றை, இது இல்லை என்று திரும்ப எடுத்தால் அதைவிடக் கேவலம் வேறில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து படத்தின் முன்னால் நின்றுவிட்டார். மாமாவின் முகம் வெளிறிப்போனது.

"யாரோ தூண்ல சாஞ்சு உக்காந்திருக்காக, இல்ல? நம்மளத் திரும்பிப் பாக்க மாட்டேங்கிறாக" என்றார் அந்த அம்மா. "இதுவும் பொண்ணுக்குத்தானா?"

மாமா என்னைப் பார்த்தார். அவர் என் வார்த்தைக்குக் காத்து நின்றது அன்றைக்குத்தான். இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. அத்தையைத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசே இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஒருத்தர் கண்ணிலும் படாத அத்தையை இந்த அம்மா கண்டுவிட்டாரே!

"ஆமா, பொண்ணுக்குத்தான்" என்றேன்.

"எங்க மருமக வரைஞ்சது" என்று மாமா எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தார். சற்றுமுன் சிரித்தவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள்.

சாமான் வண்டியில் படமும் போன பிறகு மாமா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"செவரு மொட்டையா கெடக்குத்தா. அதே மாதிரி இன்னொண்ணு வரைஞ்சு மாட்டு."

என் கோபம் இன்னும் ஆறவில்லை. "அதே மாதிரி வராது மாமா. இன்னும் கறுப்பாத்தான் வரும்."

"வரட்டும்" என்றார்.