வாஃபிள் மிஷினுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீடு உளுந்தூர்பேட்டையில். சென்னையில் இருக்கும் நாத்தனார் போன பொங்கலுக்கு ஒரு வாஃபிள் மிஷின் வாங்கித் தந்தார். கட்டம் கட்டமான இரண்டு தட்டுக்கு நடுவே இனிப்பு மாவை ஊற்றி மூடினால் வெந்து வரும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாமான்களை எல்லாம் சுத்தம் செய்து பொட்டு வைப்போம். வாஃபிள் மிஷினின் கட்டங்களில் பழைய மாவு காய்ந்து ஒட்டியிருந்தது, துணிக்கு வரவில்லை. பூஜைக்கு வரும் நாத்தனார் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று குழாயடியில் வைத்து பிரஷ் போட்டுத் தேய்த்தேன். வெயிலில் காயவைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் பூஜை முடிந்ததும் வந்திருந்த நாத்தனாருக்காகவே மாவு கரைத்தேன். கழுவிவிட்ட தரையில் வெறுங்காலோடு நின்று ஸ்விட்சைப் போட்டு மூடியைத் தொட்டதுதான், ஷாக் தூக்கி எறிந்தது. முழங்கை சுவரில் மோதியது. டிரிப்பர் விழுந்து கரண்ட் நின்றதால் உயிர் பிழைத்தேன்.

கணவர் ஓடி வந்தார். "இன்னாடி சத்தம்? மிஷின் போயிடுச்சா?"

"இத்தப் போயி யாராச்சும் கொழாயில கழுவுவாங்களா, அண்ணி?" என்றார் நாத்தனார்.

தரையில் கிடந்தவள் நானாகவே எழுந்தேன். மறுநாள் கணவர் மிஷினை ரிப்பேருக்கு எடுத்துப் போனார். முழங்கையைக் காட்ட நான் தனியாகப் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இப்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறியதும், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. காய்ந்த மாவு எண்ணெய் தடவி ஊறவிட்டால் பெயர்ந்து வருகிறது. ரப்பர் செருப்பு போடாமல் எந்த மிஷினையும் தொடுவதில்லை. சாமி படம் இருக்கிற சமையலறையில் செருப்பா என்று கணவர் முகம் சுளிக்கிறார்.

சுளிக்கட்டும்.