டேனியல் அறுத்த கம்பி

கரிக்கலாம்பாக்கத்து டேனியலை ஒரு வேலைக்குப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. போன் செய்தால் பாகூரில் இருக்கிறேன் என்பான். பாகூரில் போய்த் தேடினால் வில்லியனூரில் இருப்பான். இத்தனைக்கும் பொய் சொல்கிறவன் இல்லை. பழைய வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் இரும்புக் குழாய்மேல் வெறுப்பு வந்துவிட்டது. துருத் தண்ணீர் வருகிறது, பிடுங்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் குழாய் போடு, அப்படியே பழைய ஹீட்டரையும் மாற்று என்று ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கிளம்பியதில் அவன் காட்டில் மழை.

அவன் அப்பா அந்தோணிசாமி ஆயுசு முழுக்க அடுத்தவர் கழனியில் வரப்போரம் அண்டை வெட்டியவர். மகனுக்குச் சேறு ஒத்து வரவில்லை. பதினெட்டு வயதில் ஒரு மேஸ்திரியோடு ஒட்டிக்கொண்டு குழாய் வேலை கற்றுக்கொண்டான். இப்போது தலையில் பாதி நரைத்துவிட்டது. கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். அவன் போட்ட ஜாயிண்ட் எதுவும் இதுவரை ஒழுகியதில்லை என்பதை அவனே எல்லா வீட்டிலும் சொல்லிவிடுவான்.

அன்றைக்குக் காலையில் பாகூரில் சிங்காரவேலு வீட்டில் வேலை. ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம். மகள் அர்ச்சனாவுக்கு ஏழு மாதம். மறுநாள் வளைகாப்பு. புள்ளத்தாச்சிப் பெண் பச்சைத் தண்ணீரில் குளிக்கக் கூடாது என்று அவள் அம்மா ஆதிலட்சுமி ஒற்றைக் காலில் நின்றதில் புது ஹீட்டர் வந்தது. புது ஹீட்டருக்குப் பழைய குழாய் எதற்கு என்று குழாயும் சேர்ந்து மாறியது.

அந்த வீட்டுக்குள் டேனியல் எப்போதும் தோட்டத்துக் கதவு வழியாகத்தான் போவான். அவன் அப்பாவும் அப்படித்தான் போனார். யாரும் சொல்லி வைத்ததில்லை, சொல்ல வேண்டியும் இருந்ததில்லை. குளியலறை பின்கட்டிலேயே இருந்ததால் வேலைக்கும் அது தோதாகப் போயிற்று.

மோட்டார் மாட்டிய கைப்பம்பிலிருந்து வீட்டுக்குள் போகும் இரும்புக் குழாயைக் கழற்றும்போது, குழாய் வளைகிற முட்டியில் ஒரு கம்பி இறுகக் கட்டியிருந்தது. வருஷா வருஷம் வெள்ளையடித்துச் சுண்ணாம்பு அப்பிக் கிடந்தது. துணி காயப்போடக் கம்பியைக் குழாயில் கட்டுவது இந்தப் பக்கத்தில் சகஜம். ஒரு நறுக்கு நறுக்கிவிட்டு வேலையைப் பார்த்தான். மத்தியானத்துக்குள் புதுக் குழாய் ஓட்டி, ஹீட்டரை மாட்டி, பிளக்கைச் செருகிவிட்டான்.

“பசை காயணும்மா. சாயந்திரம் வரைக்கும் தண்ணி தொறக்காதீங்க. அப்பறம் தாராளமா குளிக்கச் சொல்லுங்க” என்றான் ஆதிலட்சுமியிடம்.

கழற்றிய குழாய் வேலைக்காரனுக்குச் சொந்தம் என்பது வழக்கம். வண்டியில் வைத்துக் கட்டி, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, சாயங்காலமாக பாக்யராஜின் காயலான் கடையில் கொண்டுபோய் இறக்கினான். பாக்யராஜுக்கு இரும்போடு வேறு எதுவும் கலந்து வரக் கூடாது. முட்டியில் ஒட்டியிருந்த துண்டுக் கம்பியை அரத்தால் சுரண்டினான்.

“இன்னாப்பா, செம்பு ஒட்டிக்கினு வந்திருக்குது?”

டேனியல் குனிந்து பார்த்தான். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் சிவப்பாகப் பளபளத்தது. துணி காயப்போட எவன் செம்புக் கம்பி கட்டுவான்?

அது வீட்டின் எர்த்து கம்பி. எர்த்துக்கென்று தனியாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்ட அந்தக் காலத்தில் யாருக்குப் பொறுமை இருந்தது? கைப்பம்புக் குழாய்தான் பூமிக்குள் தண்ணீர் வரைக்கும் இறங்கி நிற்கிறதே, அதிலேயே கட்டு என்று கட்டியிருக்கிறார்கள். பழைய வீட்டில் கிரைண்டரோ பிரிட்ஜோ ஏதாவது ஒன்றில் கரண்ட் கசியத்தான் செய்யும். இத்தனை வருஷமாக அது அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. இப்போது போக வழியில்லை. புது ஹீட்டரும் அதே எர்த்தில்தான் சேர்ந்திருக்கிறது. ஹீட்டரில் ஏறினால் தண்ணீரில் ஏறும்.

சிங்காரவேலுவுக்குப் போன் போட்டான். சுவிட்ச் ஆஃப். குழாயைப் போட்டது போட்டபடி வண்டியை எடுத்தான்.

“டேய், எடை போட வாணாமா?” என்று பாக்யராஜ் பின்னாலிருந்து கத்தியது அவன் காதில் ஏறவில்லை. ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. மாதாவே, அந்தப் பொண்ணு இன்னும் தண்ணியில கை வைக்கக் கூடாது, இன்னும் வைக்கக் கூடாது என்று அதையே முணுமுணுத்துக்கொண்டு போனான்.

தோட்டத்துக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினான், யாரும் வரவில்லை. சுற்றிக்கொண்டு ஓடி முன்வாசல் வழியாக உள்ளே பாய்ந்தான். மெயின் பலகை சாமி அறையை ஒட்டிய சுவரில் இருந்தது. செருப்புக் காலோடு போய் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினான். மின்விசிறி நின்றது, டிவியில் சீரியல் நின்றது.

ஆதிலட்சுமி கூடத்தில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் செருப்புக் காலைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

“டேய் டேனியலு! இன்னாடா இது, செருப்போட? எந்த வழியா வர்ற நீ? சாமி ரூம்டா!”

“பாப்பா எங்கம்மா? குளிக்கிறாளா?”

“அத்தக் கேட்க நீ யாரு?”

பின்கட்டிலிருந்து ஒரு முனகல் கேட்டது. ஆதிலட்சுமி வெற்றிலையை வாரி எறிந்துவிட்டு ஓடினாள். அர்ச்சனா நைட்டி நனைந்து குளியலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். உதடு வெளுத்துவிட்டது.

“கொழாயப் புடிச்சேம்மா… வுடவே இல்ல. கத்தவும் முடியல. அப்பறம் கரண்டு போச்சும்மா, கை வந்துருச்சு.”

“வயித்துல அசையுதாடி? அசையுதா?”

அர்ச்சனா இரண்டு கையையும் வயிற்றில் வைத்து அழுத்திப் பார்த்தாள். கூடத்தில் டேனியல் மெயின் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றான்.

“அசையுதும்மா” என்றாள்.

சத்தம் கேட்டுத் தெருவிலிருந்து ஓடிவந்த சிங்காரவேலு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கார் சாவியைத் தேடினார். ஆதிலட்சுமி கூடத்துக்கு வந்து டேனியலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். “சாமி மாதிரி வந்தப்பா. எங்க கொலத்தயே காப்பாத்திட்ட.”

அந்தக் கும்பிடு அவனைக் கொன்றது. வாங்கிக்கொண்டு போயிருந்தால் ஊரே அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும்.

“கும்பிடாதீங்கம்மா. எர்த்து கம்பிய அறுத்ததே நான்தான். துணிக் கம்பின்னு நெனச்சு அறுத்துட்டேன்.”

ஆதிலட்சுமியின் கை குவிந்தபடியே நின்றுவிட்டது. சிங்காரவேலு அவனை அடிப்பார் என்றுதான் டேனியல் எதிர்பார்த்தான். அவரோ தன் தலையில் அடித்துக்கொண்டார்.

“அதக் கொழாயில கட்டச் சொன்னதே நான்தானடா. ஊரு முழுக்க அப்புடித்தான கட்டியிருக்குது?”

ஊர் முழுக்க. இரும்பை உருவிப் பிளாஸ்டிக்கைச் சொருகிவிட்டு வந்த வீடுகள் ஒவ்வொன்றாக டேனியலின் கண்முன் வந்தன. எந்த வீட்டில் எதை அறுத்தான்? ஒன்றுகூட நினைவில் இல்லை.

அந்தக் கூடத்திலேயே நின்று போனை எடுத்தான். குழாய் மாற்றிய வீடுகளில் முதலில் கையில் பட்டது கரியமாணிக்கத்து விஜயராணியின் நம்பர்.

“டேனியலு தம்பியா? நானே போன் பண்ணணும்னு இருந்தேன்பா. கொழாயத் தொட்டா சுர்ருங்குது. புதுக் கொழா அப்புடித்தான் இருக்குமோன்னு வுட்டுட்டேன். எங்க வூட்டுக்காரரு குளிக்கப் போயிருக்காரு, வந்ததும் பேசச் சொல்லட்டா?”

“அக்கா, மெயின எறக்கு! ஓடு! அவர கொழாயத் தொடவுடாத!”

அவன் போட்ட கூச்சலில், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு காருக்குப் போன அர்ச்சனா திரும்பிப் பார்த்தாள். போனில் பாத்திரம் உருண்டது, காலடி ஓடியது, அப்புறம் எதுவும் இல்லை. டேனியல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். சிங்காரவேலுவும் சாவியோடு நின்றுவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, எந்த நாய்டா கரண்ட நிறுத்தினது என்று குளியலறையிலிருந்து ஓர் ஆண் குரல் கத்துவது போனில் கேட்டது. டேனியல் வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே அடுத்த நம்பரைத் தேடினான்.