துவக்கை மோந்து பார்ப்பவர்கள்

வயல் வட்டையில் இறங்கும் காட்டுப் பன்றிகளை வெருட்ட என் கணவரிடம் லைசன்ஸ் உள்ள ஒரு சின்ன ரிவோல்வர் இருந்தது. போர்க்காலத்தில் அதை அடிக்கடி இராணுவ முகாமுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே குழலை மோந்து பார்ப்பார்கள். கரி மணந்தால், எங்கே சுட்டாய், யாரைச் சுட்டாய் என்று அரைநாள் விசாரணை. பன்றியை என்று சொன்னால் நம்பவா போகிறார்கள்!

வெறும் ஈய ரவைதான், மேலே பூசிய மெழுகும் கரியுமாய்க் குழலில் அப்பிக்கொள்ளும், செம்பு பூசியது அவ்வளவு அப்பாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே இவர் ஓட்டமாவடியில் பஸ் ஏறிக் கொழும்புவரை போய், கடை கடையாய்த் தேடி அதையே வாங்கி வந்தார். எனக்கு ஒரு சாறி எடுக்க இந்த மனிதர் இப்படி அலைந்ததில்லை.

பிறகு சுனாமி வந்தது. வீட்டுக்குள் சேற்றில் கிடந்த ரிவோல்வரை நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் போட்டு, பளபளவென்று துடைத்து வைத்தார். அடுத்த முறை முகாமுக்கு நானும் கூடப் போனேன். அதிகாரி குழலை மோந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் இவ்வளவு சுத்தம்? சுட்டுப்போட்டுத் துடைச்சதா?"

எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, எங்களுக்கு இந்தச் சனியன் வேணாம். நீங்களே வச்சிக்கொள்ளுங்க."

அதிகாரி ரிவோல்வரை மேசையில் வைத்துவிட்டு, முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் இப்ப தாறீங்க?"