போர் தண்ணீரில் பூசிய வீடு

ஆம்பூரில் ஒரு பழைய வீட்டை வாங்கிச் சீர்செய்து லாபத்துக்கு விற்கலாம் என்று அக்காவிடம் நான் முதலில் சொன்னபோது, அவள் ஷூ கம்பெனியிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். ஒட்டும் பிரிவில் வேலை. நாள் முழுக்கப் பசை நெடி. அந்த வேலையை விடச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகவே சொல்லிவிட்டார். விட்டுவிட்டு என்ன செய்வது என்பதும் அவள் மனதில் இருந்தது: தையல் மெஷின்கள் போட்டு, சுடிதார், ரவிக்கை தைக்கும் சொந்தக் கடை. அதற்கு முதல் வேண்டும். நானோ வேலை நேரத்தில்கூட வீடு புதுப்பிக்கும் வீடியோக்களைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"பொங்கலுக்குள்ள வித்துடலாம்க்கா. அப்புறம் நீ கம்பெனி பக்கமே போவ வேணாம்."

"நீ விக்கிறவளா? உன் பழைய சைக்கிள விக்கிறேன் விக்கிறேன்னு சொல்லி அது துருப்பிடிச்சே போச்சு."

கிண்டல் செய்தாளே தவிர, சேமிப்பையும் வளையல்களையும் கொடுத்துவிட்டாள்.

செய்யக்கூடாதவை எல்லாம் எனக்கு மனப்பாடம். பத்திரத்தை வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதே. மொட்டைமாடியில் தண்ணீர் தேக்கி, ஒழுகுகிறதா பார். பழைய வயரிங்கை நம்பாதே. உன் ரசனைக்காகச் செலவு செய்யாதே. கடைசியைத் தவிர எல்லாவற்றையும் கடைப்பிடித்தேன். சமையலறை அலமாரிகளுக்கு மட்டும் கடல் நீல நிறம் கேட்டு அடம்பிடித்தேன். தண்ணீரைப் பற்றி எந்த வீடியோவும் சொல்லவில்லை. அவர்கள் ஊரில் நல்ல தண்ணீர் போலிருக்கிறது.

எங்கள் பக்கத்து நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குடிக்கக் கேன், உலைக்குக் கேன். ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீரில் தலைக்குக் குளித்தால் சீப்பு இறங்காது. குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்து நிற்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம்; தண்ணீர் என்றால் அப்படித்தான் என்று ஆகிவிட்டது. அரிசியில் ஊற்றாத அந்தத் தண்ணீரைச் சிமெண்டில் ஊற்றும்போது, அக்காதான் சந்தேகமாகக் கேட்டாள்.

"இதுலயே பூசலாமா மேஸ்திரி? லாரித் தண்ணி சொல்லிக்கலாமா?"

"லாரின்னா செலவு ஜாஸ்திம்மா. செவுரு இன்னா ருசி பாக்கவா போவுது?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் உரக்க. லாரிச் செலவு மிச்சமானால் என் நீல அலமாரிக்கு ஆகும் அல்லவா? பூச்சு காய்ந்து வெடிக்காமலிருக்கக் காலையும் மாலையும் அதே தண்ணீரைக் குழாய் போட்டு நானே அடித்தேன். சுவர் குடிக்கக் குடிக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்து வெயில் வந்ததும் படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. அக்கா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. என்னையும் பார்த்தாள்.

மேஸ்திரியிடம் இரண்டு வழிகள் இருந்தன. பூச்சை முழுக்கத் தட்டி எடுத்து, நல்ல தண்ணீரில் திரும்பப் பூசுவது. இல்லாவிட்டால் சுரண்டிவிட்டுப் பட்டி பார்த்து, மேலே பெயிண்ட் அடிப்பது. "கொஞ்ச நாளு நிக்கும்" என்றார். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தப் பெயிண்ட் வாசனை போவதற்குள் பேரணாம்பட்டிலிருந்து ஒரு தம்பதி பார்க்க வந்தார்கள். கணவர் வேன் ஓட்டுபவர், அந்த அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. நீல அலமாரியை அந்த அம்மா திறந்து திறந்து மூடினார். படுக்கையறையில் நின்றபோது மூக்கைச் சுருக்கினார்.

"இந்தச் செவுரு மட்டும் இப்பதான் அடிச்சீங்களா?"

"சும்மா டச்சப்தாங்க" என்றேன்.

"அதுக்கில்ல. எங்க வீட்டுச் செவுத்துல ஒரு காலண்டர் மாட்ட முடியாது. ஆணியோட பூச்சும் கையில வந்துடும். அவ்ளோ உப்பு. அந்தத் தூசு இவருக்கு ஒத்துக்கல. படுத்தா ஒரே இருமல், பெரிய பேஜார். அதான் வேற எடம் பாக்குறோம்."

அவர் சங்கடமாகச் சிரித்தார். நான் ஜன்னல், காற்று, வெளிச்சம் என்று வேகமாகப் பேச ஆரம்பித்தேன்.

"உங்க வீட்ல இருக்குற அதே உப்புதாங்க இங்கயும்" என்றாள் அக்கா. "மேல பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கோம்."

அந்த அம்மா கோபப்படவில்லை. நன்றி சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் தெருமுனை திரும்பியதும் நான் கத்தினேன்.

"உனக்கு இன்னா பைத்தியமாக்கா? அட்வான்ஸ் குடுக்குற மாதிரி இருந்தாங்க!"

"ராத்திரி முழுக்க இருமிப் பாத்திருக்கியாடி நீ?"

கேட்டுவிட்டு, மறுநாள் ஷிப்டுக்குச் சீருடையை எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

பொங்கல் வந்து போனது. இப்போது பூச்சைத் தட்டி எடுக்கிறோம். தண்ணீர் லாரியில் வருகிறது, என் சம்பளத்தில். செங்கல் தெரியும்வரை உரித்துவிட்டோம். உப்பு உள்ளே செங்கல்லிலும் ஏறியிருந்தால் என்ன செய்வது என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"பூசிட்டு ஒரு மழை பாத்தாத்தான் தெரியும் பாப்பா" என்றார்.

அதை இன்னும் அக்காவிடம் சொல்லவில்லை. காலையில் கம்பெனி பஸ் ஏறும்போது, "ஆடிக்குள்ள முடிஞ்சிடுமாடி?" என்று கேட்டாள். முடிந்துவிடும் என்றேன். மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ஏறினாள்.