அடியில் போன பெட்டி

ஒரு கப்பலில் இறங்கி இன்னொரு கப்பலில் ஏறும் கண்டெய்னர்களை எந்த அடுக்கில் வைப்பது என்று திரையைப் பார்த்துச் சொல்வதுதான் துறைமுகத்தில் அவருக்கு வேலை. அன்று வந்து இறங்கியது சகலையின் வீட்டுச் சாமான் அடைத்த பெட்டி. சகலைக்குப் பக்கத்துத் துறைமுக ஊரில் புதிதாகப் பெரிய உத்தியோகம், கடலைப் பார்த்த வீடு; பெட்டி அடுத்த கப்பலில் அங்கே போகவேண்டும்.

"அக்கா தேக்குல கட்டில் வாங்கியிருக்கா. நம்ம கட்டில்ல திரும்பிப் படுத்தா தெருவே முழிச்சுக்குது" என்றாள் மனைவி.

அவருக்கு வயிறு எரிந்தது. சகலையின் கண்டெய்னரை அடுக்கின் அடியில் போட்டு, அதன்மேல் நாலைந்தை ஏற்றவைத்தார். அத்தனையையும் இறக்கி அதை எடுக்க யாருக்கும் நேரமில்லை. கப்பல் அதை விட்டுவிட்டுப் போய்விட்டது. அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், வாசல் நிறைய சகலை குடும்பத்தின் செருப்புகள். உள்ளே அவர் கட்டிலில் சகலை காலை நீட்டியிருந்தார்.

"சாமானே இல்லாத வீட்ல எப்படி இருக்கறது? பெட்டி வர்ற வரைக்கும் இங்கதான்" என்று சொல்லித் திரும்பிப் படுத்தார். கட்டில் அலறியது. சகலை எழுந்து உட்கார்ந்து அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பாவம் சகலை, இதுலயா படுக்கறீங்க? பெட்டி வரட்டும், எங்க பழைய கட்டிலை உங்களுக்கே தந்துடறேன்."