றம்லா ராத்தா அனுப்பிய கடல்

என் மூத்த சகோதரி றம்லா மூதூரில் கணிதம் படிப்பிக்கிறார். இணையத்தில் புதிதாக எதையாவது கண்டுவிட்டால் அதைத் தன்னோடு வைத்திருக்க அவருக்குத் தெரியாது. உலக உருண்டையைச் சுழற்றி எந்த நாட்டு வானொலியையும் கேட்கும் தளம், நாம் கிறுக்குவது என்னவென்று ஊகிக்கும் தளம், தலைக்கு மேலே போகும் விமானம் எங்கிருந்து வருகிறதென்று காட்டும் தளம், எல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும். நான் பாதியைத் திறப்பதேயில்லை. "பாத்தியா தம்பி?" என்று கேட்டால், "ஓம் ராத்தா, நல்லாயிருக்கு" என்பேன்.

போன ஜூலையில் அவருடைய மகள் ஷிஃபானாவுக்குக் கிண்ணியாவில் மாப்பிள்ளை முடிவானது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதற்காகவே ராத்தாவின் கணவர், என் மச்சான், பதினொரு வருடம் கத்தாரில் கிடந்து, கடற்கரைப் பக்கமாக ஒரு வீடு கட்டியிருந்தார். சம்பந்தம் முடிந்த சந்தோஷத்தில் ராத்தா மாப்பிள்ளையின் உம்மா பல்கீஸையும் குழுவில் சேர்த்தார். வேண்டாமென்றேன். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் புதுத் தளம் ஒன்று வந்தது. கடல்மட்டம் உயர்ந்தால் எந்த இடம் மூழ்கும் என்று காட்டும் வரைபடம். விரலால் ஒரு கோட்டை நகர்த்தினால் நிலம் நீலமாகும். "உங்கட வீட்டையும் பாருங்க" என்று கீழே எழுதியிருந்தார். சுனாமியைப் பார்த்தவர்களுக்கு அனுப்புகிற சாமானா இது?

பல்கீஸ் பார்த்தார். தன் வீட்டையல்ல, ஷிஃபானாவின் வீட்டை. கடல் ஒரு மீற்றர் உயர்ந்தால் வீடும் வளவும் முழுக்க நீலம். அன்றைக்கே ராத்தாவை அழைத்தார்.

"தண்ணிக்குள்ள போற வீட்டுக்கு என்ட புள்ளைய எப்பிடி அனுப்புற? மேட்டுப் பக்கம் வேற வீடு பாருங்க. இல்லாட்டி இந்தக் கதைய விடுவம்."

அது வர எத்தனையோ வருடமாகும் என்று ராத்தா விளக்கினார். "அப்ப பேரப்புள்ளைகள் எங்க போற?" என்று கேட்டு பல்கீஸ் போனை வைத்துவிட்டார்.

ஷிஃபானா அழுதாள். "உங்களுக்குச் சும்மா இருக்க ஏலாதா உம்மா?" என்றாள். எனக்கும் ஆத்திரம்தான். "அந்த வெப்சைட் பொய்யெண்டு சொல்லி விடுங்க ராத்தா."

"பொய் இல்லையே" என்றார். கல்யாணம் முறியப் போகிறது, இவருக்குக் கணக்குச் சரியாக இருக்க வேண்டும்!

மறுநாள் ராத்தாவும் நானும் என் ஓட்டோவில் கிண்ணியாவுக்கு, பல்கீஸின் வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணி வந்தது. ராத்தா தொடவில்லை. போனைத் திறந்து பல்கீஸிடம் கொடுத்தார்.

"இப்ப உங்கட வீட்டைப் பாருங்க."

பல்கீஸ் கோட்டை மெல்ல நகர்த்தினார். அரை மீற்றரிலேயே நாங்கள் இருந்த வீடு நீலமானது. பின்னால் இழுத்துவிட்டு மறுபடி நகர்த்தினார். மறுபடியும் நீலம்தான்.

பக்கத்துக் கதிரையில் இருந்த மாப்பிள்ளை சஜீத் எட்டிப் பார்த்தார். வந்த சிரிப்பை அவர் அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

"உம்மா, இதவிட அவங்கட வீடுதானே மேடு. நான் அங்க போறன். நீங்களும் எங்களோட வந்திருங்க."

பல்கீஸ் போனைக் கீழே வைத்துவிட்டு ராத்தாவின் பக்கம் திரும்பினார்.

"எனக்கு எந்த அறை டீச்சர்?"