எலியேசர் மகனின் படகு

எலியேசர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பைக் திருடு போனாலும் பங்காளிச் சண்டை முற்றினாலும் ராஜபாளையத்தில் அவர் தெருக்காரர்கள் அவரிடம்தான் ஓடிவருவார்கள். ஒரு போன் போட்டு ஆளைப் பிடித்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு, சொந்த மகனுக்காக யாருக்குப் போன் போடுவது என்றே தெரியாமல் போனது.

மகன் அலெக்ஸ் கப்பல் இன்ஜின் வேலை படித்தவன். கரீபியன் கடலில் பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்றிய ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் மெக்கானிக்காகச் சேர்ந்தான். படகில் அவர்கள் இருவர்தான். சின்னத் தீவு ஒன்றில் நங்கூரம் போட்டிருந்தபோது கிழவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. அவரை விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோனார்கள். படகு எங்களுக்கு வேண்டாம் என்று அவர் பிள்ளைகள் ஒதுங்கிக்கொண்டார்கள். துறைமுகத்திலோ, வேறு ஆள் பொறுப்பேற்கும்வரை நீ நகரக்கூடாது என்று அலெக்ஸின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இங்கே பொழுது சாயும்போது அங்கே விடிந்திருக்கும். அப்போது வீடியோவில் வருவான்.

“என்னல பண்ணுத?”

“தண்ணி எறைக்கேன்ப்பா.”

புரொப்பல்லர் தண்டு வெளியே போகிற துளை வழியாகக் கடல்நீர் ஓயாமல் கசிந்தது. கரையேற்றினால்தான் அடைக்க முடியும். கரையேற்றக் கிழவரின் கையெழுத்து வேண்டும். அதனால் எழுந்ததும் பம்ப், படுக்குமுன் பம்ப். நடுவில் கடலுக்குள் முங்கி, படகின் அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவான். வெயிலில் இற்றுப்போன பாயைத் தைப்பான். குடிதண்ணீருக்குக் கேன்களோடு கரைக்குப் போய் வருவான். ஒன்றைச் சரிசெய்து நிமிர்ந்தால் இன்னொன்று போயிருக்கும்.

“ஏலே, முங்கித் தொலையட்டும்னு விட்டுருல.”

“முங்கிருச்சுன்னா நான் எங்கப்பா படுக்க? கேசும் எம்மேலதான் வரும்.”

அம்மா கிருபாபாய் போனை வாங்கி, சாப்பிட்டாயா என்று கேட்பாள். பதில் வந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

எலியேசர் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போய், தனக்குப் பழக்கமான வக்கீல் சௌந்தரபாண்டியனைப் பார்த்தார்.

“படகுன்னா, ராமேஸ்வரம் பக்கமா அண்ணாச்சி?”

எலியேசர் விளக்கிச் சொன்னதும் வக்கீல் பேனாவை மூடி வைத்தார். “எனக்கு இதுல ஒண்ணும் ஓடலையே” என்றார். இருந்தாலும் அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்கு ஒரு மெயில் அனுப்பினார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினார். அதே பதில்.

ஆகஸ்டில் அங்கே புயல் கிளம்பியது. எல்லாரும் கரைக்கு வந்துவிட வேண்டும் என்று தீவில் அறிவித்தார்கள். கையில் கிடைத்த கயிற்றையெல்லாம் போட்டுப் படகைக் கட்டிவிட்டு, பள்ளிக்கூடம் ஒன்றில் ஒதுங்கப் போவதாக அலெக்ஸ் சொன்னான். பிறகு போன் போகவில்லை. எலியேசர் டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். அந்தத் தீவின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அழைப்பு வந்தது.

“அப்பா, படகு போச்சுப்பா. பாறையில அடிச்சு ரெண்டாப் போச்சு.”

எலியேசருக்கு ‘ஸ்தோத்திரம்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் படகு ஒழிய வேண்டும் என்று சர்ச்சில் முழங்கால் போட்டு ஜெபித்தவர் அவர். கிருபாபாய்க்குக்கூடத் தெரியாது. ஆனால் திரையில் மகன் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான்.

“எல்லாஞ் செஞ்சேன்ப்பா. எதையும் விடல.”

“நீ என்னய்யா செய்வ” என்றார்.

படகு புயலில் போனதால் கேஸ் வரவில்லை; பாஸ்போர்ட்டும் கைக்கு வந்தது. ஊர் வந்து சேர்ந்தவன் கட்டிலைவிட்டு அதிகம் எழவில்லை. உள்ளங்கை இரண்டும் வெடித்துக் கிடந்தன. எலியேசர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

“அந்தக் கெழவர் எப்படியிருக்காருப்பா? யாருக்காச்சும் தெரியுமா?” என்று ஒருநாள் கேட்டான்.

எலியேசருக்குத் தெரியவில்லை. யாரிடம் விசாரிப்பது என்பதும் தெரியவில்லை.